முதல் டீக்கு முன்னால்

"ஹலோ... இளவரசா, அக்காதான்டா... ஆமா, ஆமா, மணி ஏழுதான். மாத்திர போட்டியா? ... போட்டுட்டியா? டீக்கு முன்னாடியா, பின்னாடியா? ... ஆங், அப்படித்தான்."

நான்கு மாதமாகத் தினமும் இதே கேள்விகள். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் திரௌபதி, வேலையைத் தொடங்குமுன் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டுவிடுவாள். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் ஒருநாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் முதல் டீ உள்ளே போகுமுன் மாத்திரை போக வேண்டும் என்று அவனைப் பழக்கியவள் அவள்தான்.

"கொரலு இன்னாடா கம்மிப் போயிருக்கு? ... இருமலா? திரும்பவுமா? ... இரு, இரு. ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. காலைல ஒண்ணுக்கு இன்னா கலர்ல போச்சி? ... சிரிக்காதடா, சொல்லு. ... எப்பவும் போலவா? செவப்பா இல்லியா?"

அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் செங்காவியாகத்தான் போகும். முதல் வாரம் ரத்தமென்று பயந்து அவன் அழுதபோது, நர்ஸம்மா விளக்கிச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

"எத்தினி நாளா போடல? ... அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணாதடா, நாளச் சொல்லு! ... மாசி பௌர்ணமிலருந்தா? ரெண்டு மாசமாடா! ... மாத்திர போட்டதும் வாந்தி வந்துச்சா? கிரிவலத்துக்கு வந்தவங்க எதிர்லியா? ... சரிடா, அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? தெனமும் 'போட்டேன்கா, போட்டேன்கா'ன்னு... ஆமா, ஆமா, ஒடம்பு தேறிடுச்சின்னு நெனச்ச..."

போனில் சின்னதாக இன்னோர் இருமல் கேட்டது.

"அங்க யாரு இருமுறது? ... தென்றலா? ... எத்தினி நாளா? ... இருவது நாளா! காய்ச்சலுமா?"

தம்பியின் நாலு வயசு மகள். அப்பன் மார்மேல் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"போன ஒம் பொண்டாட்டிகிட்ட குடு. ... குடுடா. ... அவளுக்குத் தெரியாதுதான். சத்து மாத்திரன்னு நீ சொன்ன பொய்க்கு நானும் தலையாட்டுனேன். தெனம் தவறாம முழுங்கிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நம்புனேன். ... கெஞ்சாத. ... அவ ஒன்ன வுட்டுட்டுப் போனா போவட்டும். கொழந்த உசுரோட இருக்கணும். குடு!"

போன் கைமாறியது.

"அருணா... ஆமாம்மா, ஆமா, தென்றல் விஷயம்தான். ... இல்லம்மா, அது வெறும் சளி இல்ல. மொதல்ல நீ ஒக்காரு. ... உங்க வீட்டுக்காரனுக்கு டிபி. நாலு மாசமா. ... ஆமா. சத்து மாத்திர இல்லம்மா அது. ... அவன அப்புறம் கேளு. இப்ப கொழந்தையத் தூக்கிக்கினு பெரியாஸ்பத்திரிக்கு வா. அவனையும் இட்டுக்கினு வா. நானும் கெளம்பிட்டேன். ... வர்றியா? ... சரி, சரி, ஆட்டோ புடிச்சிடு."

அருணா மெதுவாக ஏதோ கேட்டாள். திரௌபதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"... ஆமாம்மா. எனக்கும் தெரியும். ... மொத நாளுலருந்தே."

அருணா போனை வைத்துவிட்டாள்.