உலை வைக்கும் கை

ஜப்பான்காரன் காலம். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாள்:

“சாயங்கால ரயில் கூவினா என் கை தானா உலை வைக்குது, தம்பி. அவரு அதுலதான் வேலை முடிச்சு வருவாரு. சயாமுல ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போயி வருஷமாச்சு.”

அவன் போரால் படிப்பு நின்றுபோன மருத்துவ மாணவன்.

“அது மூளையோட வேலைதான்க்கா. மணியடிச்சு மணியடிச்சுச் சோறு போட்டா, அப்புறம் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும்னு காலேஜ்ல படிச்சோம்.”

“சோறே வராட்டி?”

“கொஞ்ச நாள்ல அடங்கிடும்.”

தண்டவாளத்தின் மேல் மழைமேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“அடங்காம இருக்க உங்க படிப்புல வழியிருக்கா?”

“எப்பவாவது ஒரு நாள் சோறு வரணும்க்கா.”

தூரத்தில் ரயில் கூவியது. காலிப் பையோடு அவள் வரிசையை விட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.