உறையில் அச்சாகாத வரி

புரோட்டீன் பார் உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், யார் உடம்புக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது நான் அப்படிக் கேட்கவில்லை. டீ வைக்க எழுந்து போய்விட்டேன்.

உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது அடியில் ஒன்பது பார் உறைகள் கிடைத்தன. பச்சை நிறம், இலைப் படம் போட்டவை. தின்ற பிறகு ஒவ்வொன்றையும் துடைத்து மடித்து வைத்திருக்கிறாள். அவள் அண்ணன் நான் வேலை பார்த்த உறை என்பதால் இருக்கும். அவள் எடுத்து வைத்தது எனக்கே தெரியாது. அதில் ஒன்றை நீ கையில் வைத்துக்கொண்டு, "மாமா, உண்மையச் சொல்லுங்க. இத அம்மாக்குக் குடுக்கச் சொன்னது நான்தானே? இதனாலதான் அம்மா போயிட்டாளா?" என்றாய். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உனக்கு வர வேண்டியிருக்கிறது, வந்தனா. பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாரைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழம், பாதாம், முந்திரி, பட்டாணியிலிருந்து பிரித்த புரதம், கொஞ்சம் கோகோ. பால் இல்லை, முட்டை இல்லை, தேன்கூட இல்லை. வீகன் என்பதற்கு அவ்வளவுதான் பொருள். உடம்புக்கு நல்லது என்றும் அதற்குப் பொருள் இல்லை, கெட்டது என்றும் இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சான்பாடாவில் ரயில் ஏறி, ஆபீஸ்வரை நின்றுகொண்டே போகிற உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்று போதும், மதியம்வரை தாங்கும். வேளாவேளைக்குச் சோறும் பருப்பும் சாப்பிடுகிறவனுக்குத் தேவையே இல்லை. ஒரு கை சுண்டல் அதே வேலையைச் செய்யும். தினமும் ஒன்று தின்று ஒருவன் நூறு வயதுவரை இருக்கலாம், அவனுடைய சிறுநீரகங்கள் வேலை செய்கிற பட்சத்தில்.

இதெல்லாம் எனக்குத் தெரியக் காரணம், அந்த உறையை அச்சுக்குத் தயார் செய்தது நான். குர்லா பிரஸ்ஸில் முப்பத்துநான்கு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். முன்பு கல்யாணப் பத்திரிகை, சங்கத்து ஆண்டுமலர். இப்போது மசாலா பாக்கெட், மிட்டாய்க் காகிதம், இந்த மாதிரி பார்கள். கம்பெனிக்காரர்கள் சரக்கின் லேப் ரிப்போர்ட்டை அனுப்புவார்கள். அதில் முப்பது வரி இருக்கும். உறையில் கட்டாயம் போட வேண்டிய வரிகள் கொஞ்சம்தான். மிச்சத்தை நான் அடித்துவிடுவேன். இந்தப் பாரின் ரிப்போர்ட்டில் நான் அடித்த வரிகளில் ஒன்று பொட்டாசியம். பார் ஒன்றுக்கு நானூற்றுமுப்பது மில்லிகிராம்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு எட்டு வயது. உங்கள் இருவரையும் தாராவிக்கு, இந்த ஒற்றை அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அது காரணம் என்று சாதிசனம் சொல்லும். நான் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து மெய்ப்பைக் கொண்டு வருவேன். நான் சத்தமாக வாசிக்க, உன் அம்மா செல்வி மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வருவாள். ஐந்தாவது வரைதான் படித்தவள், ஆனால் என் வாயிலிருந்து ஒரு சொல் தவறினால் விரல் நின்றுவிடும். "விடாம வாசிண்ணே" என்பாள். முப்பது வருடத்தில் என்னைத் திருத்திய ஒரே ஆள் அவள். இங்கிலீஷ் மட்டும் அவளுக்கு வராது.

சிறுநீரகம் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நான் பிரஸ்ஸுக்கு அரைநாள் லீவு போட்டு உடன் போய் உட்காருவேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருந்தோம். அது கிடைக்கிற மட்டும் கவிச்சி தொடமாட்டேன் என்று அவள் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். புரதம் குறைகிறது, முட்டை சாப்பிடு என்று சென்டரில் நர்ஸ் பிரேமலதா தலையில் அடித்துக்கொள்வாள். "மாசி, அண்டா காவோ. ப்ரோட்டீன் கித்னா கம் ஹை, தேகோ." உன் அம்மா சிரித்துக்கொண்டே, "நஹீ சிஸ்டர், மன்னத் ஹை" என்று நேர்த்திக்கடனைச் சொல்வாள். முட்டையும் மீனும் இல்லாமல் புரதத்துக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்னாய்: "மாமா, உங்க பிரஸ்ல அந்த வீகன் பார் வருதுல்ல? முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாது, பதினஞ்சு கிராம் புரோட்டீன். அம்மாக்கு பெஸ்ட்."

நீ நல்லெண்ணத்தில்தான் சொன்னாய். அடுத்த ஞாயிறு பிரஸ்ஸில் கிடந்த சாம்பிள் பெட்டியைக் கொண்டுவந்தேன். செல்வி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சாமிக்கு நேந்துகிட்டதுக்கு இப்படி ஒரு தண்டனையாண்ணே? கட்டில் கால் ஆடுதுல்லா, அதுக்கு முட்டுக் குடுக்கலாம் இத" என்றாள். பிறகு உறையை என்னிடம் நீட்டினாள். "என்னென்ன போட்டிருக்கான், வாசி. பேரீச்சம்பழம் மாதிரில்லா இனிக்கு?"

பேரீச்சம்பழம் அவளுக்கு விலக்கு. அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற அவளுக்குச் சிறுநீரகம் இல்லை, ரத்தத்தில் ஏறினால் இருதயத்தையே நிறுத்திவிடும். சென்டரில் கொடுத்த படத்தாளில் வாழைப்பழம், இளநீர், பேரீச்சம்பழம், பாதாம் எல்லாவற்றின்மேலும் சிவப்புக் கோடு போட்டிருக்கும். நான் வாசித்தேன். பட்டாணிப் புரதம், கோகோ, உப்பு மிகக் குறைவு. விட்ட சொற்கள் மூன்று. அப்போது ரிப்போர்ட் நினைவுக்கு வரவில்லை என்று இங்கே எழுதலாம், ஆனால் மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு மறதி வராது. "அது கோகோவோட இனிப்பு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மீதியையும் தின்றாள்.

ஏன் என்று கேட்பாய். மறுநாள் திங்கட்கிழமை அவளை அழைத்துப்போக நீ லீவு போட்டுவிட்டு வருவதாக இருந்தது. சான்பாடாவில் உன் வீட்டுக்கு எதிரிலேயே புதிதாக டயாலிசிஸ் சென்டர் திறந்திருந்தது. லிஃப்ட் உள்ள கட்டடம், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். அம்மாவை உன்னோடு வைத்துக்கொள்ளப்போவதாக நீ சொன்னபோது, அதை மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "நீங்க எவ்ரி சண்டே வாங்க மாமா" என்றாய். மனதாரத்தான் சொன்னாய். ஆனால் தங்கை மகள் கட்டிக்கொண்டுபோன வீட்டில் ஒரு கிழவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார முடியும்?

திங்கட்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கைகால் ஓய்ந்துபோய்விட்டது என்றாள். உனக்குப் போன் செய்து இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். அன்று முழுவதும் நான் வேலைக்குப் போகவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பழைய வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு தொடர்கதையை வாசித்தேன். அவள் படுத்தபடியே, கண்ணை மூடியபடியே, விரலைப் பாயில் நகர்த்திக்கொண்டு கேட்டாள். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னண்ணே செய்வேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் தெளிந்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லா நாளும் கொடுக்கவில்லை. நீ வந்து அழைத்துப்போவதாகச் சொல்லும் வாரங்களில் மட்டும், சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில், ஒன்று. ஜூலையில் இரண்டு வாரம், ஆகஸ்டில் மூன்று. மாதாந்திர ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பிரேமலதா உன் அம்மாவைத் திட்டினாள். "கேலா காயா க்யா, மாசி? நாரியல் பானி?" வாழைப்பழமும் இல்லை, இளநீரும் இல்லை என்று செல்வி அம்மன்மேல் சத்தியம் செய்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் உடன் இருப்பவன், அதனால் பிரேமலதா என்னைப் பார்த்தாள். தக்காளி ரசமாக இருக்கும் என்று சொன்னேன்.

ரசம் அவளுக்குப் பிடித்த ஒரே சாப்பாடு. அன்றிலிருந்து ரசத்தை நிறுத்திவிட்டோம். பாரை நிறுத்தவில்லை.

கணபதி விசர்ஜன், பிள்ளையாரைக் கடலில் கரைப்பது, முடிந்து புதன்கிழமை அவளைக் கூட்டிப்போவதாக நீ முடிவாகச் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து அவளுடைய சேலைகளை இரண்டு பையில் எடுத்து வைத்தாய். ஒரு பையைக் கையோடு கொண்டுபோனாய். நீ போன பிறகு சுவரில் இருந்த கொடியைப் பார்த்தேன். என் சட்டைகள் இரண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. உன் அம்மா சந்தோஷமாக இருந்தாள். "லிஃப்டுல ஏறினா எனக்குத் தலை சுத்தும்னு சொன்னேன், அதுக்கு உன் மருமவ சிரிக்கா" என்றாள். போகிற இடத்தில் தெம்பாக இருக்க வேண்டும் என்று அவளே பாரைக் கேட்டாள். மூன்று கொடுத்தேன். ராத்திரிக்குமுன் தின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, "அண்ணே, காலு எனக்கு இல்லாத மாதிரி இருக்கு. நெஞ்சுக்குள்ள என்னமோ தவளை குதிக்க மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள். நாளைக்கு டயாலிசிஸ்தானே, அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்றேன். வந்தனாவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள். நீ ஆபீஸில் இருப்பாய் என்றேன். போன் அலமாரிமேல் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு டீயோடு மீண்டும் ஒரு பாரை உரித்தேன். உரிக்கும்போது எனக்குத் தெரியும். புதன்கிழமை அவளால் போக முடியாமல் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த நான்காவது தேவைப்பட்டிருக்காது. அவள் பாதி தின்றாள், நான் நீட்டியதால். பதினொரு மணிக்குத் தெருவில் தாஷா மேளம் அடித்துக்கொண்டு ஒரு கணபதி ஊர்வலம் போனது. அது 90 ஃபீட் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

டாக்டர் சான்றிதழில் இருதயம் நின்றது என்று எழுதினார். டயாலிசிஸ் நோயாளி என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

இப்போதும் காலையில் அவளுடைய பாட்டிலில் கோடுவரை தண்ணீர் பிடித்து வைக்கிறேன். சாயங்காலம் நானே அதைக் குடிக்கிறேன். மெய்ப்பை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. சத்தமாக வாசித்தால் அறையில் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ வருகிறாய். அம்மா இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறை வந்தவள், இப்போது ஒரு வாரம்கூட விடுவதில்லை. மனம் உறுத்துவதால் வருகிறாய் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சமைத்துக் கொண்டுவருகிறாய். போகும்போது, "மாமா, தனியா இருக்கீங்க, டைமுக்குச் சாப்பிடுங்க" என்கிறாய்.

நீ நன்றாகத் தமிழ் பேசுவாய், ஆனால் உனக்கு வாசிக்கத் தெரியாது. உன்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தது நான்தான். ஆகவே வருகிற ஞாயிறு இதை நானே உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உன் அம்மா சொல்வாளே, அதுபோல விடாமல் வாசிக்கத்தான் நினைத்திருக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டுப் பழக்கத்தில் ஒருமுறை திருத்திப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை, நீளம்தான் கொஞ்சம் அதிகம். நீ ஐந்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவள். லேப் ரிப்போர்ட், உறையை வாசித்தது, ரசம், சான்பாடா, திங்கட்கிழமை காலை, இப்படிப்பட்ட இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது அவற்றை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பதே உன் கேள்விக்குப் போதுமான பதில். நீ கொடுக்கச் சொன்னாய், நான் கொடுத்தேன், அவள் சாப்பிட்டாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.