ஹீரோவுக்குத் தொடை நடுங்குது

— ஷூ லேஸ் கட்டறதுக்கு இவ்வளவு நேரமாடா? கீழ டைரக்டர் தலையில அடிச்சுக்கறாரு.

— லேஸ் எப்பவோ கட்டியாச்சுக்கா. எழுந்திருக்கத்தான் முடியல. தொடை ரெண்டும் தனியா டான்ஸ் ஆடுது.

— அடப்பாவி! ஊருல இருக்கற பொடிசுங்க எல்லாம் உன் மூஞ்சி போட்ட டிஃபன் பாக்ஸத் தூக்கிட்டுத் திரியுது. 'பயம் அறியா மின்னல்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

— அத எழுதினவன இந்த மூணாவது மாடிச் சுவத்து மேல ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. பயம்னா என்னன்னு நான் விலாவாரியா சொல்லித்தரேன்.

— வாய் மட்டும் நல்லா நீளுது. அங்க பாரு, உன்ன மாதிரியே சட்டை போட்டுக்கிட்டு அந்தக் கோணமூக்கன் தயாரா நிக்கறான். நீ குதிக்காம இறங்கிட்டேன்னா அடுத்த வாரத்துலேருந்து சீரியல்ல அவன்தான் மின்னல். நாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

— தெரியும்க்கா! அதான் லேஸுன்னு பொய் சொன்னேன். பயந்துட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே, உன் கால்ல விழறேன்.

— விழ வேண்டிய இடம் என் காலு இல்ல, கீழ விரிச்சிருக்கற அந்த மெத்தை. உன் பெல்ட்டுல கட்டின கயித்தோட மறு முனையோட கீழ நின்னவ, உன் கோலத்தப் பாத்துட்டு அலறி அடிச்சுக்கிட்டு மேல வந்திருக்கேன். ஸ்டண்ட் மாஸ்டர் கயிறப் பாத்துப்பாரு. நீ குதி.

— இவ்வளவு உசரத்துலேருந்தா? என்னால ஆகாதுக்கா.

— போன மாசம் ஆத்துல குதிச்சியே, அப்ப மட்டும் எங்கேருந்து வந்துது தைரியம்?

— தைரியமாவது மண்ணாவது! பயத்துல கம்பு விட்டு ஆழம் பாத்தேன். அதனாலதான் உள்ள பாறை இருந்தது தெரிஞ்சுது. பயமே இல்லாத மின்னல் முதல் எபிசோடுலயே போய்ச் சேந்திருப்பான்.

— தத்துவமெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம். டைரக்டர் ரெடின்னு கை காட்டறாரு, எழுந்திரு. நான் மூணு சொன்னதும் கண்ண மூடிக்கிட்டு குதி.

— இரு, இரு. பெல்ட் இறுக்கமா இருக்கா?

— இருக்கு.

— மெத்தை நகந்துடலையே?

— அதுக்கென்ன காலா இருக்கு? ஒண்ணு...

— கப்பி?

— காலையில நானே எண்ணெய் விட்டேன்டா. ரெண்டு...

— கயிற மட்டும் ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்துடறேன்.

— உன்னோட பெரிய ரோதனைடா... ஐயோ! விழப் பாத்தேனே! என்னை எதுக்குடா பிடிச்சு இழுக்கறே?

— உன்னை நான் தொடவே இல்லக்கா. கயிறத்தான் இழுத்தேன்.

— அப்படின்னா... ஐயய்யோ! கயித்தோட மறு முனைய என் இடுப்புக் கொக்கியிலேருந்து கழட்டாமலே ஏறி வந்துட்டேன்டா! நீ குதிச்சிருந்தா...

— பின்னாடியே நீயும் வந்திருப்பே.

— எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலடா. கீழ 'ஆக்‌ஷன், ஆக்‌ஷன்'னு கத்தறாரே, இப்ப என்ன சொல்றது?

— ஹீரோ பயந்துட்டான்னு சொல்லு. நல்லா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுக்கா.