போட்டாச்சு

தங்கச்சி: இடதுன்னா யாரோட இடது அண்ணி?

அண்ணி: டாக்டரோட இடது.

தங்கச்சி: டாக்டர் எங்க?

அண்ணி: அதோ, தண்ணி டம்ளர். எத்தனை தடவ சொல்றது? வட்ட மேசை. ஆறு பேரு. எல்லாரும் நடுவுல பாத்து உக்காந்திருக்காங்க. டம்ளர்தான் டாக்டர். அவருக்கு நேர் எதிர்ல எலுமிச்சம்பழம், அது வக்கீல். கரண்டி டிரைவர்...

தங்கச்சி: வக்கீல் ஏன் எலுமிச்சம்பழம்?

அண்ணி: கைல கெடைச்சது அதான். பேச்ச மாத்தாத. டிரைவர், டாக்டருக்கு அடுத்து இடப்பக்கம். டீச்சர் வக்கீல் பக்கத்துல உக்கார மாட்டாங்க.

தங்கச்சி: ஏன், ரெண்டு பேருக்கும் ஆகாதா?

அண்ணி: பேங்க் பரீட்சையில ஏன்னு கேக்கக் கூடாது. தையல்காரர் டிரைவர் பக்கத்துல இல்ல. மிச்சம் இருக்கறவர் சமையல்காரர். இப்ப சொல்லு, டீச்சருக்கு வலப்பக்கம் யாரு?

தங்கச்சி: ...டாக்டர்.

அண்ணி: தையல்காரர்.

தங்கச்சி: அது எப்படி? உப்பு டப்பா டீச்சர். டீச்சருக்கு வலது கை இந்தப் பக்கம். இந்தப் பக்கம் டம்ளர்.

அண்ணி: டீச்சரே தப்பான நாற்காலியில உக்காந்திருக்காங்க. டிரைவர வைக்கும்போது உன் இடது கையப் பாத்து வெச்ச. டீச்சர்கிட்ட வந்ததும் அவங்க வலது கையப் பாத்த. ஒரே கணக்குல நீ ஒரு ஆளா உக்காரு. அங்கயும் இங்கயும் மாறி மாறி உக்காந்தா...

தங்கச்சி: எனக்குத் தலை சுத்துது.

அண்ணி: எனக்கும்தான் சுத்துது. காலையில எழுந்து போய் எழுதணும், இன்னும் இடது வலதே சரியா வரல.

அண்ணன்: ஏய் வாலு, அந்த ஸ்பேனர எடுத்துட்டு வா.

அண்ணி: அங்கேர்ந்தே கத்தாதீங்க. படிச்சிட்டு இருக்கோம். குழாய் ஒழுகறத நிறுத்தியாச்சா?

அண்ணன்: நிறுத்தியாச்சு.

அண்ணி: தண்ணி சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

அண்ணன்: பாதி நிறுத்தியாச்சு.

தங்கச்சி: இருண்ணா, கொண்டு வரேன்.

அண்ணி: நீ உக்காரு. அவரே வந்து எடுத்துக்கட்டும்.

அண்ணன்: ஏம்மா, பரீட்சை அவளுக்கு. நீ எதுக்கு மூணு நாளா சரியா சாப்பிடாம கெடக்கற? நேத்து கூரியர் ஆபீஸ்ல உன்கூட வேலை பாக்கறவங்க கூடக் கேட்டாங்க, உடம்பு சரியில்லையான்னு.

அண்ணி: ஸ்பேனர எடுத்தாச்சுல்ல? போங்க. தண்ணி வீணாப் போகுது.

தங்கச்சி: ஆமா அண்ணி, நீங்க ஏன் சாப்பிடல?

அண்ணி: பசிக்கல. அடுத்த கேள்வி. படம் பாரு. செருப்புக் கம்பெனி. மொத்த விற்பனையில ஷூவோட பங்கு போன வருஷம் இருபது சதவீதம். இந்த வருஷம் இருபத்தஞ்சு. ஷூ விற்பனை கூடிச்சா, கொறைஞ்சுதா?

தங்கச்சி: இது கூடவா தெரியாது? கூடிச்சு.

அண்ணி: கூடல.

தங்கச்சி: கொறைஞ்சுதா?

அண்ணி: கொறையவும் இல்ல.

தங்கச்சி: அண்ணி, வெளையாடாதீங்க.

அண்ணி: கீழ பாரு. போன வருஷம் மொத்தம் ஐநூறு ஜோடி. இந்த வருஷம் நானூறு. அதுல இருபது சதவீதமும் நூறு, இதுல இருபத்தஞ்சு சதவீதமும் நூறு. ஷூ அப்படியே நிக்குது. மத்ததெல்லாம் கொறைஞ்சதால இது வளந்த மாதிரி தெரியுது.

தங்கச்சி: பாவம் அந்த ஷூக்காரன். வளந்துட்டோம்னு சந்தோஷப்பட்டிருப்பான்.

அண்ணி: ம்... கொஞ்ச நாள் பட்டிருப்பான்.

தங்கச்சி: நீங்களே எழுதியிருக்கலாம் அண்ணி. பென்சிலக் கூடத் தொடாம போடறீங்க.

அண்ணி: எழுதறதாத்தான் இருந்துது. கல்யாணமான வருஷம் வீடு மாத்தினோம். அடுத்த வருஷம் உங்க அம்மாவுக்கு ஆபரேஷன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும்... அத விடு. எழுதித் தேறலன்னா கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும். எழுதாம இருந்தா ஒரு பதில்தான், நேரமில்லன்னு.

தங்கச்சி: தேறினா?

அண்ணி: தேறினாலா? பார்சல் மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டே காலம் போயிடாது. அவ்வளவுதான். அடுத்தத கவனி, இது சுலபம். கேள்வி ஒண்ணு, கூற்று ரெண்டு. கூற்றுல இருக்கற விவரம் போதுமா போதாதான்னு மட்டும் சொல்லணும். விடை வேண்டாம்.

தங்கச்சி: விடை வேண்டாம்னா எதுக்குக் கேக்கறான்?

அண்ணி: விடை கண்டுபிடிக்க முடியுமான்னுதான் கேக்கறான். கடைய நேத்து பூட்டினது யாரு? கூற்று ஒண்ணு, மேனேஜர் பூட்டல. கூற்று ரெண்டு, சாவி மேனேஜர்கிட்டயும் கேஷியர்கிட்டயும் மட்டும்தான் இருக்கு.

தங்கச்சி: கேஷியர்.

அண்ணி: யாருன்னு யாரு கேட்டா? ரெண்டும் சேந்தா போதும். அதான் பதில்.

தங்கச்சி: கேஷியர்னு கண்டுபிடிச்சேனே, அதுக்கு மார்க் கெடையாதா?

அண்ணி: கெடையாது. இப்ப நானே ஒண்ணு சொல்றேன். புஸ்தகத்துல இல்லாதது. கேள்வி: வாலு சாயங்காலம் எங்க போறா?

தங்கச்சி: ...என்ன அண்ணி?

அண்ணி: கூற்று ஒண்ணு. கோச்சிங் கிளாஸ்னு சொல்லிட்டுப் போறா. கூற்று ரெண்டு. திரும்பி வரும்போது சட்டையெல்லாம் வெள்ளை முடி.

தங்கச்சி: அது... எங்க சாருக்கு நரை.

அண்ணி: உங்க சார் மொட்டை. போன மாசம் பார்சல் வாங்க எங்க ஆபீசுக்கு வந்தார். உன்னப் பத்திக் கேட்டேன். யாரு அதுன்னார். ரெண்டும் சேந்தா போதுமா, போதாதா?

தங்கச்சி: போதும் அண்ணி. மெதுவாப் பேசுங்க, அண்ணனுக்குக் கேக்கும்.

அண்ணி: தண்ணி சத்தத்துல கேக்காது. சொல்லு.

தங்கச்சி: நாய்களக் குளிப்பாட்டி முடி வெட்டற கடை. ரெண்டு தெரு தள்ளி. சும்மா பாக்கத்தான் போனேன்... ஒரு வெள்ளை நாய், யாரையும் கிட்ட விடல. என் மடியில வந்து படுத்துக்கிச்சு. கடைக்கார அக்கா மறுநாளும் வரச் சொன்னாங்க. இப்ப நகம் வெட்டறது வரைக்கும் கத்துக்கிட்டேன்.

அண்ணி: பல்லு தேய்க்கத் தெரியுமா?

தங்கச்சி: யாருக்கு?

அண்ணி: நாய்க்குத்தான்.

தங்கச்சி: தெரியும். அண்ணி, கோவம் வரலையா உங்களுக்கு?

அண்ணி: கிளாசுக்குப் போகாததப் பத்தி எனக்கு என்ன? கேள்வியெல்லாம் என்கிட்டதானே போட்டுப் பாக்கற. நாளைக்குப் போய் ஒழுங்கா எழுதிட்டு வா. அப்புறம் நாயோ பூனையோ.

தங்கச்சி: அதான் அண்ணி... இப்ப நான் ஒரு கேள்வி சொல்லட்டா?

அண்ணி: சொல்லு.

தங்கச்சி: கேள்வி: நான் நாளைக்குத் தனியாத்தான் போவேன்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கறேன்?

அண்ணி: பயத்துல.

தங்கச்சி: இல்ல. சென்டர் வாசல் வரைக்கும் யாராவது வந்தா, என்னால உள்ள போக முடியாது. செக்யூரிட்டி விட மாட்டான்.

அண்ணி: ஏன் விட மாட்டான்? ஹால் டிக்கெட்...

தங்கச்சி: இல்ல.

அண்ணி: தொலைச்சுட்டியா?

தங்கச்சி: வரவே இல்ல. நான் அப்ளிகேஷனே போடல அண்ணி.

அண்ணி: ...போடலையா?

தங்கச்சி: போடல.

அண்ணி: வாலு, நீ போடலையா? நீ போட்டிருப்பேன்னுல்ல நான்...

தங்கச்சி: எப்படியாவது சொல்லிடணும்னு தினமும் நெனைக்கறேன். நீங்க பாட்டுக்குப் புஸ்தகத்தோட வந்து உக்காந்துடறீங்க. இவ்வளவு ஆசையா சொல்லிக் கொடுக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

அண்ணி: ஐயோ.

தங்கச்சி: அழறீங்களா?

அண்ணி: இல்ல. யோசிக்கறேன். நீ போகலன்னா... துணைக்குப் போறேன்னு ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு. உங்க அண்ணன்கிட்டயும்...

தங்கச்சி: லீவு வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. வேலைக்குப் போங்க.

அண்ணி: முடியாது.

தங்கச்சி: எனக்குப் பரீட்சையே இல்லன்னு சொல்றேன், துணைக்கு எங்க போவீங்க?

அண்ணி: அத விடு. உப்பு டப்பாவ எடுத்து உள்ள வை.

தங்கச்சி: இருங்க. எனக்கு ஒண்ணு கொழப்பமா இருக்கு. அன்னிக்கு அண்ணன் ‘அப்ளிகேஷன் போட்டாச்சா’ன்னு கேட்டப்ப நான் வாயே தெறக்கல. நீங்கதான் அடுப்படியிலேர்ந்து ‘போட்டாச்சு’ன்னீங்க.

அண்ணி: ஆமா.

தங்கச்சி: தப்பிச்சோம்டான்னு நானும் பேசாம இருந்துட்டேன். நான் போட்டுட்டேன்னு நெனச்சுத்தானே சொன்னீங்க?

அண்ணி: நீ போட்டேன்னு நான் சொல்லல.

தங்கச்சி: வேற என்ன சொன்னீங்க?

அண்ணி: போட்டாச்சுன்னேன்.

தங்கச்சி: அதான், யாரு போட்டது?

அண்ணி: உப்பு டப்பாவ இன்னும் எடுத்து வைக்கல நீ.

தங்கச்சி: கொஞ்சம் முன்னாடி கூட, ‘காலையில எழுந்து போய் எழுதணும்’னீங்க. ஒரு வாரமா இதே மாதிரிதான் பேசறீங்க. எழுதணும், போகணும், போட்டாச்சு. எதுலயும் ஆளே இல்லயே அண்ணி.

அண்ணி: நான் பொய் சொல்லல.

தங்கச்சி: சொல்லலதான். நாங்கதான் அந்த எடத்துல என்னப் போட்டுக்கிட்டோம். டிரைவரத் தப்பான பக்கத்துல வெச்ச மாதிரி.

அண்ணி: கைய விடு. வலிக்குது.

தங்கச்சி: அண்ணி, கேளுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நாளைக்கு நாம ரெண்டு பேரும் சேந்தே போவோம். நான் வாசல்ல நிக்கறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். தேறினா சொல்லிக்கலாம்.

அண்ணி: தேறலன்னா?

தங்கச்சி: நான் ஃபெயிலுன்னு சொல்லிடுங்க. திட்டு எனக்குப் பழக்கம்தான்.

அண்ணி: என் மார்க்குக்கு நீ திட்டு வாங்கறதா?

அண்ணன்: குழாய் முழுசா நின்னாச்சு, வந்து பாருங்க. என்ன ரெண்டு பேரும் மொகத்த இப்படி வெச்சிருக்கீங்க? அவ்வளவு கஷ்டமான கேள்வியா?

தங்கச்சி: ஆமாண்ணா. நாளைக்கு நாங்க பஸ்லயே போயிடறோம்.

அண்ணன்: பஸ் எதுக்கு? எழுதப் போறவங்க பஸ்ல நசுங்கிட்டா போறது? வண்டியில நானே கொண்டு விடறேன். ஆனா பின்னாடி ஒருத்தருக்குத்தான் எடம். துணைக்கு வர்றவங்க மெதுவா பஸ்ல வரட்டும்.

தங்கச்சி: வேண்டாம்ணா... பஸ்தான் வசதி.

அண்ணன்: என்ன வசதி? காலையில கெளம்பி ரெடியா நில்லு. நீதான என்கூட?

தங்கச்சி: அது வந்து...

அண்ணி: சொல்லிடு வாலு. உன்னோடத நீ சொல்லு.

தங்கச்சி: அண்ணா, நான் பரீட்சை எழுதல. அப்ளிகேஷனே போடல.

அண்ணன்: போடலையா? இவதானே அன்னிக்குப் போட்டாச்சுன்னு சொன்னா. ஏம்மா, நீதானே சொன்ன? போடலன்னா நீ இத்தனை நாளா இவள வெச்சுக்கிட்டு எந்தப் பரீட்சைக்குப் படிச்ச?

அண்ணி: நாளைக்கு நடக்கற பரீட்சைக்குத்தாங்க. போட்டது நான். எழுதப் போறதும் நான். அவளத் திட்டறதா இருந்தா சாயங்காலமாத் திட்டுங்க, காலையில என்னை நேரத்தோட கொண்டு போய் விடுங்க.