கேமரா வாங்க வந்த மாப்பிள்ளை

அவள்: ஏங்க, திருப்பிப் பிடிங்க. லென்ஸு அங்கிட்டு இருக்கணும், கண்ணு இங்கிட்டு.

அவன்: ஓ... சாரிங்க. என்னடா ஒரே இருட்டா இருக்கேனு பாத்தேன்.

அவள்: மூடியையும் கழட்டல நீங்க.

அவன்: கடையில ஏசி நல்லா ஓடுதுங்க.

அவள்: பேச்ச மாத்தாதீங்க. யாருக்கு இந்தக் கேமரா? ஒங்களுக்கா?

அவன்: எனக்குத்தான்... இல்ல, தெரிஞ்சவங்களுக்கு. கல்யாணம் எடுக்குறவங்க.

அவள்: போட்டோகிராபரா? அப்ப அவரையே வரச் சொல்ல வேண்டியதுதான?

அவன்: அவரு இல்லங்க... அவங்க. ஒரு பொண்ணு.

அவள்: ஓஹோ.

அவன்: என்னங்க ஓஹோ?

அவள்: ஒண்ணும் இல்ல. டிஎஸ்எல்ஆர் காட்டவா, மிரர்லெஸ் காட்டவா?

அவன்: ரெண்டுல எதுங்க நல்லாத் தெரியும்?

அவள்: ரெண்டுலயும் தெரியும்! மிரர்லெஸ் எடை கம்மி. ஆனா பேட்டரி சீக்கிரம் மூச்ச விட்டுரும். டிஎஸ்எல்ஆர்னா மாப்ள அழைப்புல ஆரம்பிச்சு கடேசிப் பந்தி வரைக்கும் தாங்கும். அவங்ககிட்ட பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸு இருந்தா, அதே கம்பெனி புதுக் கேமரா பாடியில அப்புடியே மாட்டிக்கலாம்.

அவன்: நீங்களா இருந்தா எத எடுப்பீங்க?

அவள்: நானா? வாங்குறது நீங்க.

அவன்: ஒங்களுக்குப் பிடிச்சா அவங்களுக்கும் பிடிக்கும்ல...

அவள்: அது எப்புடி?

அவன்: அது... ஒரே தொழில்ல இருக்கீங்கள்ல.

அவள்: ம்ம்... நான்னா டிஎஸ்எல்ஆர்தான். கையில கனம் இருந்தாத்தான் எனக்குப் படம் ஆடாது. ஆனா பாடி சுமாரா இருந்தாப் போதும். லென்ஸுதான் நல்லதா எடுப்பேன்.

அவன்: ஏங்க, பாடிதானங்க கேமரா?

அவள்: கிழிஞ்சுது போங்க. பாடி கொஞ்ச வருசத்துல பழசாயிரும். நல்ல லென்ஸு அடுத்த பாடிக்கும் கூடவே வரும். நம்ம கோயில்ல தாலி கட்டுறப்ப ஃபாதர் பீடத்துகிட்ட விட மாட்டாரு. ஃபிளாஷும் போடக் கூடாதும்பாரு. பின்னாடி பெஞ்சுல நின்னுதான் எடுக்கணும். அதுக்குத்தான் தூரத்துல இருக்குறதக் கிட்டக் காட்டுற இந்த எழுபது - இருநூறு லென்ஸு. பிடிங்க.

அவன்: யம்மாடி! வாழத்தாரு மாதிரி கனக்குது!

அவள்: இந்துக் கல்யாணம்னா நேர் எதிரு. கெட்டிமேளம்னதும் சொந்தக்காரங்க பூராம் முன்னாடி வந்து நின்னுருவாங்க. இத வச்சு எடுத்தா முதுகுதான் விழும். சின்ன லென்ஸா, அகலமா பாக்குறத மாட்டிக்கிட்டு மணவறைக்குள்ளயே பூந்துரணும். அட்சத பூராம் நம்ம மண்டையிலதான்.

அவன்: அப்ப மாப்ள பொண்ணுக்குப் போடுற ஆசீர்வாதத்துல பாதி ஒங்களுக்குத்தான்!

அவள்: எங்க... அது ஒண்ணும் வேல செய்யக் காணோம். பொண்ணு பாக்க வாரவன் பூராம் ஒரே கேள்விதான். "கல்யாணத்துக்கு அப்புறம் கேமராவ ஓரமா வச்சுருவல்ல?"

அவன்: அப்புடியா கேக்குறாங்க?

அவள்: தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. விராலிமலையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்தது அதக் கேக்கத்தான?

அவன்: விராலிமலைனு நான் சொல்லவே இல்லயேங்க!

அவள்: சொல்லணுமாக்கும்? ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க, அதுக்கு முன்னாடி கஸ்டமர் மாதிரி வந்து ஒரு நோட்டம் விடுவாங்கனு புரோக்கர் போன் போட்டாரு. நம்ம பக்கம் இது என்ன புதுசா? போன தடவ ஒருத்தரு மெமரி கார்டு வாங்க வந்தாரு. நல்லாப் பாத்தாரு, கார்ட வச்சுட்டுப் போயிட்டாரு.

அவன்: நான் லென்ஸு வரைக்கும் வந்துட்டேனேங்க.

அவள்: சிரிக்க வைக்காதீங்க...

அவன்: வேற என்ன செய்ய? ஊரையே போட்டோ எடுக்குற பொண்ணுக்கு ஒரு போட்டோ இல்லயாம். நேர்ல வந்துதான பாக்கணும்?

அவள்: எடுக்குறவ எப்பவும் கேமராவுக்குப் பின்னாடிதான நிப்பா? அதுக்குப் பழி வாங்க நீங்களும் மாப்ள போட்டோவத் தரல. சரி, நேராவே கேக்குறேன். ஷர்லி கேமராவ விட மாட்டா. முகூர்த்த நாளுன்னா விடியுமுன்ன கெளம்பிருவா. கட்டுமாவடியோ அறந்தாங்கியோ, ரிசப்சன் முடிஞ்சு எந்நேரம் திரும்புவான்னு சொல்ல முடியாது. சம்மதமா?

அவன்: ஒங்க பேர நீங்களே சொல்றது நல்லாருக்குங்க.

அவள்: வெளையாடாதீங்க. பதிலச் சொல்லுங்க. இதுல ஒருத்தி பொழப்பே இருக்கு.

அவன்: பதிலு... யோசிச்சு வரலங்க. ஆனா இம்புட்டு நேரம் அந்த லென்ஸப் பத்தி நீங்க பேசுறப்ப மொகம் எப்புடி இருந்துச்சு தெரியுமா? அதப் பாத்துட்டு, கேமராவ ஓரமா வையினு சொல்றவன் மனுசனா? பைக்குல நானே கொண்டுபோயி விடுவேன். இந்த வாழத்தார நான் தூக்கிக்குவேன். ஃபாதர் திட்டுனா அதயும் நானே வாங்கிக்குவேன்.

அவள்: அய்யய்யோ... இப்புடிச் சொல்லுவீங்கனு நெனைக்கலயே.

அவன்: ஏங்க, தப்பாச் சொல்லிட்டேனா?

அவள்: கோவப்பட மாட்டீங்கள்ல?

அவன்: சொல்லுங்க.

அவள்: நான் ஷர்லி இல்ல. பிளெஸ்ஸி. அவளும் நானும் சேந்துதான் கல்யாணம் எடுக்குறோம். "இன்னொருத்தன் வந்து என்னைய ஏற எறங்கப் பாக்க வேணாம், நீயே கேட்டு அனுப்பிரு"னு என்னைய இங்க ஒக்கார வச்சுட்டு, அவ உள்ள பிரிண்ட் ரூம்ல இருக்கா. கூப்புடுறேன், இருங்க. இந்தப் பதில அவ காதால கேக்கணும். குடுத்து வச்சவ... எனக்கே பொறாமயா இருக்கு.

அவன்: கூப்புடாதீங்க! இருங்க, இருங்க...

அவள்: ஏன், ஏமாத்திட்டோம்னு கோவமா?

அவன்: இல்லங்க... மாப்ள ஜெபக்குமாரு எதுத்தாப்புல டீக்கடையில ஒக்காந்துருக்கான். வெக்கமா இருக்கு, நீ போயிப் பாத்துட்டு வாடானு என்னைய அனுப்பிட்டான். கேமராவப் பத்தி அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது, ஷர்லியே கேட்டுக்கட்டும். நான் அவன் கூட்டாளி, சூசைராஜ். இப்ப ஒங்ககிட்ட சொன்னேன்ல, அது அவனுக்காகச் சொன்னது இல்லங்க... என் சொந்தப் பதிலு.