பெட்டி தொலைந்த பயணி

...செங்கல் சார்! உங்க பெட்டியத் தொறந்து பாருங்க, செங்கல்தான் இருக்கும். இல்லேன்னா மணல் மூட்டை. புது ஏர்போர்ட்டு, இன்னும் தொறக்கல, ஒத்திகை பாக்கணும், பயணிகளா நடிக்க ஆள் வேணும்னு எங்க காம்பவுண்டு சுவத்துல நோட்டீஸ் ஒட்டினான். சரின்னு நானும் வீட்டுக்காரியும் வந்தோம். வந்தா... செங்கலத் தூக்கிட்டு நடக்குறாங்க ஜனங்க.

சரி, அதாவது போகட்டும். ப்ளேன்ல ஏத்துவான்னு நெனச்சேன். பறக்க வேணாம் சார், சும்மா ஏத்தி உக்கார வெச்சு எறக்கலாம்ல? பஸ்ல ஏத்தினான். கட்டடத்த ஒரு சுத்து சுத்தினான். இந்தப் பக்க வாசல்ல எறக்கிவிட்டு, "வெளிநாட்டுலேருந்து வந்து சேந்துட்டீங்க, வணக்கம்"ங்குறான். எந்த நாடுப்பான்னேன். யாரா நடிக்கணும்னு ஆளுக்கொரு அட்டை குடுத்திருக்கான்ல, அதுல நாடு போடலியாம்.

குழாய்ல கை நீட்டினா தானா தண்ணி வரணுமாமே, உங்களுக்கு வந்துச்சா? எனக்கு வரல. பக்கத்துல ஒருத்தர் நீட்டினார், கொட்டுது. அவர் நகந்ததும் அங்க நீட்டினேன், நின்னுடுச்சு. என் கைய அது ஒரு கையாவே மதிக்கல சார்...

என்ன, அந்தச் சத்தமா? அந்தக் கவுண்ட்டர்ல... பச்சைப் புடவை, நம்மள மாதிரியே தொப்பி... ஆமா, அதான் என் வீட்டுக்காரி. "பெட்டி தொலைந்த பயணி. கோபமாகப் பேசவும்." அந்த அட்டை. எனக்குக் குடுத்த அட்டை சார் அது. அவளுக்குக் குடுத்தது "பொறுமையான பயணி". பொருத்தமாத்தான் குடுத்தான். வீட்டுல ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். ரெண்டு பேருக்கும் சேத்து நாந்தான் பேசிட்டிருக்கேன். எனக்கு மட்டும் ஆசையா? தொண்டை காயுது. ஆனா வீடுன்னா ஒரு பேச்சு சத்தம் வேணும்ல?

இப்பப் பாருங்க... டேபிளத் தட்டுறா! முப்பது வருஷத்துல ஒரு டம்ளரக்கூட சத்தமா வெச்சதில்ல சார். அந்த ஆபீசர் கைதட்டுறார் பாருங்க, கழுத்துல அட்டை தொங்குதே, அவர்தான். "எவ்ளோ தத்ரூபமா பண்றாங்க, எல்லாரும் கவனிங்க"ங்குறார். அவருக்குத் தெரியாது...

பெட்டி நெசமாவே காணோம் சார்.

பெட்டி பத்தாது, வீட்டுல சும்மா கெடக்குற பெட்டி இருந்தா கொண்டாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தான்ல? கட்டிலுக்கு அடியில ஒண்ணு கெடந்துச்சு. நீலம். ஒரு சக்கரம் ஒடஞ்சது. கைப்பிடில மஞ்சத் துணி கட்டியிருக்கும். அவ குளிக்கப் போன நேரத்துல எடுத்துட்டுப் போயி இவங்க அனுப்பின வேன்ல ஏத்திட்டேன். கனம்னா கனம்... பழைய துணியா இருக்கும்னு நெனச்சேன். அந்தப் பக்கம் பெட்டி வாங்குற கவுண்ட்டர்ல பெல்ட்டு மேல வெச்சப்பதான் அவ பாத்தா. "அது..."ன்னா. அவ்ளோதான். அதுக்குள்ள ரப்பர் திரைக்குள்ள போயிடுச்சு. பஸ்ல சுத்தும்போது பூரா என் பக்கம் திரும்பவேயில்ல, ஜன்னலையே பாத்துட்டு வந்தா. இங்க வந்து நின்னோம். எல்லார் செங்கலும் வந்துச்சு, எங்க பெட்டி வரல. சட்டுனு என் கையிலேருந்த அட்டையப் புடுங்கிட்டு அங்க போனவதான்...

இருங்க, உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்குறாங்க. அவ சொல்றா, கேளுங்க... நாலஞ்சு செட்டுத் துணி. சரி. புதுச் செருப்பு. எப்ப வாங்கினா? பாங்க் பாஸ்புக்கு. பல் தேய்க்குற பிரஷ்ஷு, புதுசு, பிரிக்காதது... பழைய பெட்டிக்குள்ள புது பிரஷ்ஷ எதுக்கு சார் வைக்கணும்? மூணு மாசத்துக்கு பிரஷர் மாத்திரை...

எனக்கும் அதே மாத்திரைதான் சார். வீட்டுல ஒரே டப்பா. முந்தாநாள் பாத்தா டப்பாவுல என்னோடது மட்டும் இருக்கு. மேல என் பேரெழுதி, காலை, ராத்திரின்னு தனித்தனியாக் கட்டி வெச்சிருந்தா. பரவால்லியே, ஒழுங்கா வெச்சிருக்காளேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவ அக்கா வேற... வெளியூர்ல இருக்கா, தனியா. ஒரு மாசமா தெனம் போன். நான் ரூமுக்குள்ள போனா "அப்பறம் பேசுறேன்"னு வெச்சுடுவா. போன வாரம் இவளா வாயத் தொறந்து கேட்டா, அந்த ஊருக்குக் காலையில மொத பஸ் எப்போன்னு. பஸ்ஸு, ரோடு, எங்க நிறுத்துவான், எங்க நிறுத்த மாட்டான்னு அரைமணி நேரம் வெளக்கினேன். "எதுக்குக் கேக்குறே"ன்னு... நான் கேக்கல.

...

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பெல்ட்டு. ஏர்போர்ட்டு தொறக்குறதுக்கு முன்னாடியே பெட்டிய முழுங்குது பாருங்க. எல்லாரும் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். புது மெஷினு, பழகணும்ல? நல்ல பெல்ட்டுதான் சார் இது. அது பாட்டுக்கு முழுங்கட்டும்.

எது சார்? நீலமா? மஞ்சத் துணியா... இல்ல, இல்ல, அது நம்மளது இல்ல. நம்மளது இன்னும் கொஞ்சம் கருநீலம். சக்கரமா? ஒடஞ்ச சக்கரம் ஊருல எத்தனை பெட்டிக்கு இல்ல! நீங்க உக்காருங்க சார். அவளக் கூப்பிடாதீங்க, நல்லாப் பண்ணிட்டிருக்கா, கெட்டுடும். அங்க சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்குறான் பாருங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள போயி வாங்கிக்குங்க. எனக்கும் ஒண்ணு... ரெண்டா வாங்கிடுங்க. கத்திக் கத்திப் பசிச்சிருக்கும் அவளுக்கு.

நீலப் பெட்டி ரப்பர் திரைக்குள் போய், சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. அவர் எழுந்து பெல்ட்டோடு நாலடி நடந்து, கைப்பிடியில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.