சுருளி கடிச்ச கால்

இவ்வளவு நேரம் பிள்ளைங்களைப் பத்தியே பேசிட்டேன்... பின் வரிசையில ரெண்டு அப்பாமாருக்குக் கண்ணு சொக்குது. சரி, பிள்ளைங்களைக் கொஞ்சம் விட்டுருவோம். ஒரு நாய்க்குட்டி கதை சொல்றேன். சின்னதுதான், கேளுங்க.

சாத்தூர்ப் பக்கம் பவுன்ராஜ்னு ஒருத்தர். லாரி டிரைவர். ஒரு விபத்துல வலது கால் முழங்காலுக்குக் கீழ போயிருச்சு. ஆஸ்பத்திரியில அளவெடுத்து செயற்கைக் கால் செஞ்சு குடுத்தாங்க. மாட்டிக்கிட்டு நடந்து பார்த்தாரு... வாசப்படியில விழுந்தாரு. அதோட சரி. கால் கதவு மூலையில... அவரு கட்டில்ல.

இப்படியே கிடக்காரேன்னு அவரு மச்சினன் ஒரு குட்டியைக் கொண்டு வந்து விட்டான். நாட்டு நாய்தான். வாலு சுருண்டிருந்ததால சுருளின்னு பேரு. சும்மா இருக்குமா அது? செருப்பைக் கடிச்சது. சார்ஜர் வயரைக் கடிச்சது. தலையணையைக் கிழிச்சு வீடெல்லாம் பஞ்சு. வீட்டம்மா தங்கமாரி அடிச்சுப் பார்த்தாங்க, கத்திப் பார்த்தாங்க. ம்ஹூம்!

ஒரு நாள் சாயங்காலம் தங்கமாரி தண்ணி பிடிச்சுட்டு உள்ள வர்றாங்க. சுருளி கதவு மூலையில படுத்து எதையோ ஆசையா மெல்லுது. என்னது...? அந்தச் செயற்கைக் கால்! பெருவிரல் இருந்த இடமே இல்ல!

பவுன்ராஜ் டம்ளரைத் தூக்கி எறிஞ்சாரு. குட்டி கட்டிலுக்கு அடியில போய் ஒண்ணுக்குப் போயிருச்சு. 'கொண்டு போய் எங்கயாச்சும் விட்டுட்டு வா! அது என் காலுடி!'

தங்கமாரி திரும்பிப் பார்த்தாங்க. 'உங்க காலுன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?'

அவரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

மறுநாள் காலையில அந்தம்மா குட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க. விடவா போனாங்க? இல்ல... நேரா மாட்டாஸ்பத்திரிக்கு. அங்க ஒரு டாக்டரம்மா. வாயைத் திறந்து பார்த்தாங்க. 'பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்குதும்மா. ஈறு நமநமன்னு இருக்கும், கடிக்காம என்ன செய்யும்? கடிக்கிறதுக்குன்னு எதாச்சும் குடுத்தீங்களா?' 'பழைய செருப்பு ஒண்ணு குடுத்தேன் டாக்டர்.' டாக்டருக்குச் சிரிப்பு. 'பழைய செருப்பு எது, புதுச் செருப்பு எதுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?'

வீட்டுக்கு வந்து தங்கமாரி அப்படியே ஒப்பிச்சாங்க. 'ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வச்சுக் குடுக்கணுமாம். நம்ம பொருளைக் கடிச்சா அடிக்கக் கூடாதாம், இதைக் காட்டி அதை வாங்கணுமாம். கடிச்சதை விட்டவுடனே தட்டிக் குடுக்கணுமாம். தினமும் வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போகணுமாம். அப்புறம் டாக்டரம்மா கேட்டாங்க... நாள் பூரா வேண்டாம் வேண்டாம்னே சொல்றீங்களே, என்ன செய்யலாம்னு யாராச்சும் அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களான்னு.'

பவுன்ராஜ் கட்டில்ல எந்திரிச்சு உட்கார்ந்தாரு. அப்புறம் மெதுவா... 'எனக்கும் அப்படித்தானே மாரி? எந்திரிக்காதீங்க, வெளிய போகாதீங்க, விழுந்துருவீங்க... என்ன செய்யலாம்னு நீங்க யாரும் சொல்லலையே.'

அந்தம்மாவுக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. பாசத்துல சொன்னதுதானே அத்தனையும்! கண்ணைத் துடைச்சுட்டு சுருளி கழுத்துக் கயித்தை எடுத்து அவரு கையில குடுத்தாங்க. 'அப்ப... நீங்களே இதை நடத்திக் கூட்டிட்டுப் போங்க.'

விரல் இல்லாத அந்தக் காலையே மாட்டுனாரு. முதல்ல திண்டாட்டம்தான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவிச்ச முட்டையில ஒரு துண்டை எடுத்து அது மூக்குக்கு மேல தூக்கிக் காட்டி, 'உட்காரு சுருளி.' அண்ணாந்து பார்க்கையில பின்பக்கம் தானா தரைக்குப் போயிரும். 'அப்படித்தான்டா ராசா!' உடனே முட்டை. தெருவுல ஒரு நாள் விழுந்தாரு. தங்கமாரி பதறி ஓடி வர்றாங்க. 'வராத மாரி... நானே எந்திரிக்கேன்.' எந்திரிச்சாரு! முதல்ல தெருமுனை வரைக்கும்... அப்புறம் டீக்கடை வரைக்கும். இன்னிக்கு லாரி ஆபீஸ்ல லோடு அனுப்புற வேலை பார்க்காரு. நடந்துதான் போறாரு.

சுருளி திருந்திருச்சான்னு கேக்கீங்களா? முக்கால்வாசி. போன வாரம் டிவி ரிமோட்டைக் காலி பண்ணிருச்சாம்!

இப்ப உங்ககிட்ட வர்றேன், அப்பா அம்மாங்களே... நம்ம பிள்ளைங்க காதுல நாள் பூரா என்ன விழுது? ஓடாத. பேசாத. போனைத் தொடாத. எல்லாம் பாசம்தான், நான் இல்லைங்கல. ஆனா வேண்டாம்ங்கிறது கதவை அடைக்கிற வேலை மட்டும்தான் செய்யும். உள்ள இருக்கிறவன் எந்தப் பக்கம் போவான்? வழி காட்ட வேண்டியது யாரு? நாமதானே! ஓடாதன்னா, எங்க ஓடலாம்? பேசாதன்னா, யார்கிட்ட மனசு விட்டுப் பேசலாம்? அதையும் சேர்த்துச் சொல்லுங்க. சொன்னதைச் செஞ்சா, அந்த நிமிஷமே தட்டிக் குடுங்க.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளை கையில இருக்கிற போனைப் பிடுங்கத் தோணும். பிடுங்குங்க... நான் வேண்டாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி, அந்தக் கையில குடுக்க நம்மகிட்ட என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஒண்ணுமே இல்லைன்னா... உங்க கையையாவது குடுங்க.